கைதட்டல் வாங்கிய என் பேச்சு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் உன் மனைவியும் குழந்தையும் நானும் நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும். உன் இருமல் நின்றதா இல்லையா? மருந்துக் கடையில் நீயாகக் கேட்டு வாங்கி விழுங்குவதை விட்டுவிட்டு ஒரு டாக்டரைப் பார். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் மாடியில் காயும் துணியை எடுத்து வரச் சொன்னால் மட்டும் வலி வந்துவிடுகிறது. குழந்தைக்கு அப்படியே உன் மூக்கு, அதற்கு நான் பொறுப்பில்லை. போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் நல்லாயிருக்கு, குழந்தை நல்லாக் குடிக்குது என்று சொன்னேனே, அது பொய்.

நூலகத்துக்கு மேல் மாடியில் ஓர் அறை இருந்தது, உனக்குத் தெரிந்திருக்காது. பிள்ளை பெற்றவர்கள் பால் கொடுக்கச் சிரமப்பட்டால் அங்கே போவார்கள். நகராட்சி சம்பளத்தில் ஒரு பெண் இருந்தாள், எல்லோரும் அவளைப் பாலக்கா என்பார்கள். குழந்தையை எப்படிப் பிடிப்பது, எப்படி வாயில் கொடுப்பது, புண்ணாகிவிட்டால் என்ன செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுவாள், வர முடியாதவர்கள் வீட்டுக்கும் போவாள். உன் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, நகராட்சியில் பணம் பற்றவில்லை, எதை நிறுத்தலாம் என்று கேட்க மக்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். நான் போனது நம் வாசல் சாக்கடைக்காக. மூடி உடைந்து அதில்தானே அப்பா கால் வைத்து விழுந்தார், அந்தக் கோபம் எனக்கு. பாலக்காவின் அறையைப் பற்றிப் பேச்சு வந்ததும் நான் எழுந்துவிட்டேன். "நாங்கள்லாம் எந்த வகுப்புக்குப் போய்ப் பால் குடுத்தோம்? பெத்தவளுக்குப் பால் குடுக்கத் தெரியாதா? அந்தக் காசுல சாக்கடையை மூடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடித்துக்கூடக் காட்டினேன். அறையை மூடினார்கள், சாக்கடைக்குப் புது மூடியும் போட்டார்கள்.

இனி எழுதப்போவதை மகனிடம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ இப்போது ஒரு பிள்ளைக்கு அப்பா, தெரிந்துகொள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலே குழந்தை சரியாக வாய் வைத்துப் பிடிக்கவில்லை. உன் மனைவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுப்பாள், நான் அதை வெட்கம் என்று நினைத்தேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தது, நான் வெளியே நின்று இன்னும் கொஞ்ச நேரம் குடு, நீ சரியாச் சாப்பிடுறதில்ல, அதான் பால் ஊறல என்று குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எடை போட்டபோது ஏற வேண்டியது இறங்கியிருந்தது. இப்போதைக்குப் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அங்கிருந்த நர்ஸ், முன்னாடின்னா நூலக மாடிக்கு அனுப்புவோம், இப்ப அதை மூடிட்டாங்களே என்றாள். உன் மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவள் பார்க்காதது எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று அதட்டலோடுதான் கதவைத் தட்டினேன். திறந்தாள். ரவிக்கையில் ரத்தக் கறை, முகமெல்லாம் வீங்கியிருந்தது. அழுகிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து வைத்திருக்கிறாள். ஏம்மா இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு நீங்க பேசும்போது நான் உங்க பக்கத்துலதானே அத்தை உக்காந்திருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் தெரியலைன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" தம்பி, யாராவது என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ பிறந்தபோது என் அக்கா என் பக்கத்தை விட்டு நகரவில்லை, உன் தலையைப் பிடித்துப் பிடித்து அவள்தான் உன்னைக் குடிக்க வைத்தாள். அதை உதவி என்று நான் நினைத்ததே இல்லை, எல்லாம் எனக்குத் தானாக வந்த மாதிரி அந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

பாலக்கா இப்போது கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, உன் மனைவியையும் குழந்தையையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததுமே அவளுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "அன்னைக்கு எழுந்து பேசினது நீங்கதானே" என்றாள், ஆமாம் என்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் என்னை விட்டுவிட்டு உன் மனைவியைப் பார்த்து நீ வாம்மா என்று துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் கூட்டிப் போனாள். நான் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். சட்டை போட்டுப் பார்க்க வந்தவர்கள் உள்ளே யாரு, இவ்வளவு நேரமா என்று முணுமுணுத்தார்கள், கடை முதலாளி என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறி முறைத்தார். ஊரே கை தட்டப் பேசினவள் ஒரு திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தையின் அழுகை நின்றது, மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. உன் மனைவி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, என்னவோ ஒரு சத்தம் வந்தது.

அதன் பிறகு பாலக்கா தன் விடுமுறை நாளில் நம் வீட்டுக்கு வந்து பார்க்கிறாள், கேள்விப்பட்டு வேறு சில பெண்களும் நம் கூடத்துக்கு வருகிறார்கள். அப்பாவை வெளியே அனுப்பிவிடுகிறோம், சொந்த வீட்டிலேயே தனக்கு இடமில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பாலக்கா நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கிறாள், என்னோடு பேச்சு வளர்ப்பதில்லை, அது அவள் நியாயம். குழந்தைக்கு எடை ஏறுகிறது, பவுடர் பாலையும் டாக்டர் சொல்லி மெல்லக் குறைத்து வருகிறோம். ஆனால் நம் மாடி வீட்டு டிரைவர் மகள் யாரிடம் கேட்பதென்று தெரியாமல் பால் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள், இனிப் பால் வராது என்கிறாள். படியில் பார்த்தால் ஆன்ட்டி சாப்பிட்டீங்களா என்று சிரித்துக்கொண்டு கேட்கிறாள், நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிடுகிறேன். ஊரின் அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நம் கூடம் எங்கே தெரியப்போகிறது.

நகராட்சிக்குப் போய் அந்த அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த அதிகாரி நல்ல மனிதர், எழுந்து நாற்காலி போட்டார். "உங்க பேச்சைத்தாம்மா அறிக்கையில போட்டிருக்கோம், பெரியவங்களே தேவையில்லைன்னு சொல்லிட்டாங்கன்னு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் வேண்டுமானால் பேசுங்கள், உறுதி சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார். பேசத்தான் போகிறேன். "உனக்கு நடந்ததை அங்க சொல்லட்டுமாம்மா" என்று உன் மனைவியிடம் அனுமதி கேட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "என்னைப் பத்தி வேணாம் அத்தை, உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். அப்படியே செய்கிறேன்.

நீ ஒன்று செய். இனி போன் பேசும்போது எடுத்ததும் குழந்தை எடை எவ்வளவு, பால் போதுதா என்று அவளிடம் கேட்காதே, நீ தூங்கினியா, வலி குறைஞ்சுதா என்று கேள். என் மேல் கோபம் வந்தால் என்னிடமே கொட்டு, அவள் காதில் விழாமல் நான் தனியாக எடுத்துப் பேசுகிறேன். நீங்கள் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்க மறக்காதே.

உன் முன்னால் தலைகுனிந்து நிற்கும்,
அம்மா