வலப்பக்கத்துக் கதிரை

நேற்று உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. பந்தி கலைந்து, வாடகைக் கதிரைகளை லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, உன்னைக் கட்டின மனிசன் குசினிப் பக்கமாக வந்து ஒரு பால்மாத் தகரத்தை என் கையில் தந்தார். "இது உங்களிட்டத்தான் இருக்க வேணும்" என்றார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் வாசம் அறை முழுக்கப் பரவிவிட்டது. உள்ளே உன் தூரிகைகள். கழுவித் துடைத்து, முடி மேலே இருக்கும்படி நீ அடுக்கிய மாதிரியே இருந்தன.

இந்த வாசத்துக்காக உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன். உன் தகரக் கொட்டிலில் ஒரு பின்னேரம் இருந்துவிட்டுப் போனால் என் சட்டையைக் கொடியில் தனியாகப் போட வேண்டும். மண்ணெண்ணெயை விட்டுவிட்டு டேர்பன்டைன் வாங்கு என்பேன். "அது பணக்கார வாசம், எனக்குத் தலையிடிக்கும்" என்பாய். மூடி வைத்தால் வாசம் கொஞ்ச நாளைக்கு மிஞ்சும் என்று தெரியும். ஆனாலும் நான் இன்னும் மூடவில்லை.

உன் கல்வெட்டுப் புத்தகம் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ கேட்காமல் விடமாட்டாய்.

நீ போய் இரண்டு கிழமை கழிய, உன் மனிசன் சங்கக்கடைக்கு வந்தார். நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். சனம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, கல்வெட்டு அடிக்க வேணும். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் கொண்டுவரச் சொல்லிக் கிளிநொச்சி அச்சகத்தில சொன்னவை. நீங்கள்தான் எழுத வேணும். வழமையா எழுதிறமாதிரி நல்லா எழுதுங்கோ."

வழமையா என்றது எனக்குக் குத்தியது. மனிதர் பாவம், ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் வழமை என்னவென்று உனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில், முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே என் பாட்டு. ஆண் என்றால் கொடையில் கர்ணன், பொறுமையில் தருமன். பெண் என்றால் கற்பில் அருந்ததி, முகத்தில் முழுநிலா. பெயரையும் ஊரையும் திதியையும் மாற்றினால் சரி. மல்லாவியிலிருந்து நெடுங்கேணி வரைக்கும் செத்தவர்கள் எல்லாரும் என் கையால் ஒரே ஆளாகத்தான் மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

நீ ஒருநாள் மிரட்டியதும் நினைவுக்கு வந்தது. ஏதோ ஒரு கடைப் பலகைக்கு எழுத்துத் தீட்டிக்கொண்டே சொன்னாய்: "எடியே, நான் செத்தால் நீதான் எழுதுவாய். முழுநிலா முகம் எண்டு எழுதினியோ, பெட்டியால எழும்பி வந்து அடிப்பன்."

"அப்ப என்னண்டு எழுதிறது?"

"அதை நீ பாத்து எழுது."

பார்த்து எழுதுவதுதான் எனக்கு வராது என்று இருவருக்கும் தெரியும். சிரித்தோம்.

நம் இரண்டு பேரின் தொழிலும் ஒரே வாசலில்தான் நின்றது. செத்த வீட்டுக்காரர் படத்துக்கு உன்னிடம் வருவார்கள், பாட்டும் வேண்டுமென்றால் நீ என்னைக் காட்டுவாய். இடம்பெயர்ந்த ஓட்டத்தில் படங்களைத் தொலைத்துவிட்டு வந்த சனம். அடையாள அட்டையில் நகமளவு முகம் ஒன்று மிஞ்சியிருந்தால் அதுவே பெரிய காரியம். அதுவும் இல்லாதவர்கள் வாயால் சொல்வார்கள், நீ கேட்டுக் கேட்டுக் கீறுவாய். கீறி முடிந்ததும் கழுத்துக்கு ஒரு சங்கிலி கேட்பார்கள். உயிரோடு இருக்கும்போது அடைவு கடையை விட்டு வெளியே வராத சங்கிலி. நீயும் மறுக்காமல் நல்ல தடிப்பாகப் போட்டுக் கொடுப்பாய்.

"நான் சங்கிலி போடுறன், நீ கர்ணனைப் போடுறாய். ரெண்டு பேரும் செத்தவைக்கு நகை வாடகைக்கு விடுறம்" என்றாய் ஒருநாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெண்பாவுக்குள் நிலவும் அருந்ததியும்தான் இடிக்காமல் வந்து இருக்கும் என்று பெரிய விளக்கம் சொன்னேன். நீ நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று முடித்துவிட்டாய். சில நாள் உன் பக்கமே வராமல் இருந்தேன். பிறகு பொறுக்காமல் வந்து வாசலில் நின்றபோது, ஒன்றும் நடக்காத மாதிரி, "வெளிச்சத்தை மறைக்காதை. இந்தப் பக்கம் வா" என்றாய். யன்னல் உனக்கு இடப்பக்கம். அதனால் என் கதிரை எப்போதும் உனக்கு வலப்பக்கம்.

அந்தக் கதிரையில் இருந்துதான் ஸ்கந்தபுரத்து அம்மாவைப் பார்த்தேன். கடைசிச் சண்டையில் மகளைப் பறிகொடுத்தவர். படம் ஒன்றும் மிஞ்சவில்லை. நீ மூக்கைக் கேட்டாய், கண்ணைக் கேட்டாய். அவர் சொல்லச் சொல்லக் கீறிக் காட்டினாய். "இல்லைப் பிள்ளை" என்றார். அழித்துவிட்டுத் திரும்பக் கீறினாய். "இல்லைப் பிள்ளை." கடைசியில் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

"பெத்த பிள்ளையின்ர முகம் எனக்கு வருகுதில்லை. நான் என்ன தாய்?"

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். நீ கையைக் காட்டித் தடுத்தாய். பென்சிலை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாய். முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சும்மா ஊர்க்கதை கதைத்தாய். கதையோடு கதையாக, தோட்டத்துக்கு நீங்கள் எப்பிடிப் போறனீங்கள் என்று கேட்டாய்.

"சைக்கிள்ள. அவள் ஓடுவாள், நான் பின்னால கரியரில இருப்பன். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். எனக்கு அவளின்ர முதுகுதான்..." என்று நிறுத்தினார். அதற்குள் நீ பென்சிலை எடுத்துவிட்டாய்.

பிறகு அவர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பின்னல் நடுவில் நிற்காது, இடப்பக்கம் விலகிக் கிடக்கும். பின்கழுத்தில் ஒரு மச்சம். சட்டையின் மேல் பொத்தான் நூலில் தொங்கும், தைச்சுத் தாறன் என்றால் நிற்கமாட்டாள். மேட்டில் மிதிக்கும்போது வலது தோள் முன்னுக்குப் போகும். சைக்கிள் ஓடுகிற ஒரு பிள்ளையின் முதுகை நீ கீறினாய். சங்கிலி போடவில்லை. அவர் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "இவள்தான். கெதியா ஓடாதையடி எண்டு பின்னால இருந்து கத்துவன்."

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, மாலை போட்டு, சுவரில் மாட்டினார். கொண்டுபோய்க் கொடுக்க நாமும்தான் போயிருந்தோம். அவரின் தமையன் துள்ளினார். "சாமிப் படத்துக்குப் பக்கத்தில ஆரும் முதுகைக் கொழுவுவினமோ? வீட்டுக்குக் கூடாது." அந்த அம்மா அசையவில்லை. "அவள் முன்னால போறாள் அண்ணை. நான் பின்னால இருக்கிறன். இதில என்ன கூடாது?"

அந்தப் பிள்ளைக்கென்று நான் எழுதிக் கொண்டுபோன நிலாமுகப் பாட்டு என் பையிலேயே திரும்பி வந்தது.

பஸ்ஸில் வரும்போது நீ கேட்டாய்: "நீ உன்ர அம்மாவை எங்க இருந்து பாத்தனி?" விசர்க் கேள்வி என்று நினைத்தேன். ஆனால் பதில் தானாக வந்தது. மேலே இருந்து. அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர், வன்னிக்கு வந்து கூலிக்குக் களை பிடுங்கியவர். பின்னேரத்தில் அவர் நிலத்தில் இருப்பார், நான் கதிரையில் இருந்து தலைக்கு எண்ணெய் வைப்பேன். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய இடத்தில், உச்சந்தலையில், முடி வளராத ஒரு கோடு. வெளியே போகும்போது அதைச் சேலைத் தலைப்பால் மறைப்பார். "அதுல மட்டும் மெதுவா வைம்மா, கூசுது" என்பார். என் அம்மா போனபோது அவருக்கும் முழுநிலா முகம் என்றுதான் எழுதினேன். அந்தக் கோட்டை என் விரல் அறியும், என் பாட்டு அறியாது.

வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டை எழுதினேன். நிலா வரவில்லை, வெண்பாவும் வரவில்லை. உன்னிடம் வாசித்துக் காட்டினேன். தூரிகையைக் காதில் செருகிவிட்டு என் உச்சந்தலையை ஒருதரம் தடவினாய். நான் எழுதிய முதல் கவிதை அதுதான்.

அதற்காக நாங்கள் திருந்திவிட்டோம் என்று சொல்ல முடியாது. சனம் கர்ணனைக் கேட்டு வந்தது, நானும் எழுதிக் கொடுத்தேன். நீயும் சங்கிலி போடுவதை விடவில்லை. கண்ணீரோடு வருகிறவர்களிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? ஆனால் எனக்கென்று எழுதும்போது, எங்கே இருந்து பார்த்தேன் என்று கேட்காமல் ஒரு வரியும் தொடங்கியதில்லை.

இவ்வளவும் தெரிந்தவள் உனக்கு எழுத முடியாமல் கிடந்தேன். வியாழன் மத்தியானம் வரைக்கும் ஒரு வரி இல்லை. உன் முகத்தை நினைத்தால் உன் அடையாள அட்டைப் படம்தான் வந்தது, வெருண்ட ஆடு மாதிரி. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவளின் முகம் எனக்கு வரவில்லை. நான் என்ன சிநேகிதி? அந்த அம்மா ஏன் அப்படி அழுதார் என்று அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது.

கடையில் சொல்லிவிட்டு உன் கொட்டிலுக்கு வந்தேன். உன் மனிசன் பூட்டைத் திறந்துவிட்டார், உள்ளே வரவில்லை. நீ கடைசியாகத் தீட்டிய முன்பள்ளிப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. நீல எழுத்து. கடைசி எழுத்து பாதியில் நின்றது. அன்று பின்னேரம் கடைக்குச் சாமான் வந்ததால் நான் உன்னிடம் வரவில்லை. அடுத்த நாள் விடிய நெஞ்சு நோகுது என்றாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முதலே போய்விட்டாய்.

வலப்பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன். நீ இருந்து வேலை செய்யும் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க, உன் வலது காது வந்தது. முகம் இல்லை, காது. வேலைக்கு நடுவில் தூரிகையை அங்கேதான் செருகுவாய். காதுக்குப் பின்னால் எந்த நாளும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். துடையடி என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "எனக்குத் தெரியாத இடத்தில கிடக்கிறது எனக்கென்னத்துக்கு? நீதானே பாக்கிறாய். நீயே வைச்சுக்கொள்" என்பாய். உன்னை நான் நேருக்கு நேர் பார்த்ததே குறைவு. நீ பலகையைப் பார்ப்பாய், நான் உன் காதோடு கதைத்துக்கொண்டிருப்பேன். அந்த வாங்கைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். அழுது முடிய எழுதினேன்.

*வெளிச்சத்தை மறைக்காமல்*
*வலப்பக்கம் இருந்தவள் எழுதுகிறேன்.*
*உன் முகம் எனக்குத் தெரியாது.*
*காதின் பின்னே நிறம் தெரியும்.*
*கடைசியில் நீலமாக இருந்திருக்கும்.*

திதியை மட்டும் வழக்கப்படி தனியாக வெண்பாவில் எழுதிவிட்டு, இரண்டையும் உன் மனிசனிடம் கொடுத்தேன். அவர் கொட்டில் வாசலிலேயே நின்று வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"முகம் தெரியாது எண்டு எழுதியிருக்கிறியள்" என்றார்.

சனம் என்ன சொல்லும் என்று யோசிக்கிறார் போல இருந்தது. அவரின் வீடு, அவரின் துக்கம். வேண்டுமென்றால் வழமையான பாட்டை எழுதித் தருகிறேன் அண்ணை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் தன் வலது காதைத் தொட்டார். "குளிப்பாட்டேக்க பொம்பிளையள் அதைக் கண்டிட்டுத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சவை. நான்தான் விடச் சொன்னனான். விசரன் எண்டு நினைச்சிருப்பினம்." கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "ஓம் தங்கச்சி. நீலம்தான். அதோடதான் போனவா."

ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தார்.

நேற்று எல்லாரும் வாசித்தார்கள். உன் மாமி, இதென்ன கல்வெட்டு என்று முணுமுணுத்தார். பந்தியில் ஒருவர், அச்சகக்காரன் பாட்டைத் தவறவிட்டுவிட்டான் என்றார். நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். ஸ்கந்தபுரத்து அம்மாவும் வந்திருந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, வாசித்துக் காட்டு என்றார். வாசித்தேன். கேட்டு முடிய என் கையைப் பிடித்து, "நீ அந்தப் பக்கம் இருந்தனியே பிள்ளை" என்றார். பிறகு பாயாசம் கேட்டார்.

இன்று காலையும் ஒரு வீட்டார் கல்வெட்டுக்கு வந்தார்கள். தகப்பன் தவறிவிட்டாராம். மகள் கர்ணன், தருமன் எல்லாம் மறக்காமல் போடச் சொன்னாள். போடுகிறேன் என்றேன். அப்பாவை எங்க இருந்து பாத்தனீங்கள் பிள்ளை என்று கேட்டேன். அவள் விளங்காமல் முழித்தாள். கதிரையை எனக்கு வலப்பக்கமாக இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

அவள் போகும்போது தகரத்தைப் பார்த்து, என்ன அக்கா மண்ணெண்ணெய் மணக்குது என்றாள். ஒரு சிநேகிதியின்ர சாமான் என்றேன். தூரிகைகளை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன், எனக்கு ஒரு கோடு நேராகக் கீற வராது. ஆனால் அந்த நீலம் என்னிடம்தான் இருக்கிறது. நீதானே சொன்னாய், நீயே வைச்சுக்கொள் என்று.