கட்டையில் வேறு எண்

சிகாமட் ரப்பர் தோட்டம், 1934. வியாழன் இரவு.

துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியை அப்பா இன்று வாசலில் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழலிலும் விசைப்பகுதியிலும் ஒரே எண். குழலுக்கு அடியில் மாட்டும் கட்டையில் மட்டும் வேறு எண்.

"இந்தக் கட்டை இதோடது இல்லையேப்பா?"

அப்பா கட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"பழசு விழுந்து ஒடஞ்சிருச்சும்மா. டவுன்ல வேற ஒண்ணு வாங்கிப் போட்டேன். காப்பித்தண்ணி தடவி நெறம் சேத்தேன். துரைக்கே தெரியல."

"உள்ள நம்பர் அடிச்சிருக்குப்பா."

"எனக்குப் படிக்கவா தெரியும்? அதுவும் பூவேலைன்னு நெனச்சேன்."

துரைக்குத் தெரிந்தால் அப்பாவின் வேலையும் போகும், இந்த வீடும் போகும். துரை துப்பாக்கியைச் சிங்கப்பூரில் ஒருவருக்கு விற்கிறார். துரைக்குக் கண் மங்கல். எல்லா எண்ணும் ஒன்றுதானா என்று நாளைக் காலை நான் படித்துச் சொல்ல வேண்டுமாம். என்னைப் படிக்க வைத்த அப்பா பக்கத்திலேயே நிற்பார்.