சாப்பாட்டு வரிசையில் அண்ணன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆல்பர்ட்டாவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நியூஃபவுண்ட்லாந்தில் நம் துறைமுகத்து ஐஸ் விலகிவிட்டதா? அப்பா மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா?

ஹெட்லி அண்ணனைத் தேடச் சொல்லியிருந்தீர்கள். திங்கட்கிழமை பார்த்துவிட்டேன். எங்கள் எண்ணெய் வயல் தொழிலாளர் முகாமின் சாப்பாட்டுக்கூடத்திலேயே பரிமாறிக்கொண்டு நின்றான். தாடி நரைத்திருக்கிறது, மற்றபடி ஆள் நன்றாகத்தான் இருக்கிறான்.

"அண்ணே, உன் குரலைக் கேட்டா போதும்னு அம்மா சொல்றாங்க," என்றேன்.

"அவரு எப்படி இருக்காரு?" என்றான். அப்பாவைத்தான் கேட்டான்.

"முன்ன மாதிரி இல்லண்ணே. சண்டை போடக்கூடத் தெம்பில்ல."

"என்னை வீட்டை விட்டு விரட்டுறப்ப மட்டும் தெம்பு இருந்துச்சாக்கும்." என் தட்டில் உருளைக்கிழங்கை அள்ளி வைத்தான். "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. நகருடா."

தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மறுநாள் அவன் இடத்தில் ஒரு பெண் நின்றாள். அண்ணன் வேலையை விட்டுவிட்டானாம். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. கவலைப்படாதீர்கள் அம்மா, இந்தப் பக்கம் முகாம்களுக்குக் குறைவில்லை, எங்காவது இருப்பான்.

குளிர் இன்னும் போகவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புங்கள். ஒன்றை அண்ணன் அளவில் பின்னுங்கள். எந்த முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை, ஆனாலும் பின்னுங்கள்.

வேலைக்குப் போகும் பேருந்து ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்,
கிளைட்