கொப்பியில் இருந்த முப்பத்தொரு பேர்

மேற்பிரிவு லயம்,
ஹுன்னஸ்கிரிய.
12.09.1996

அன்புள்ள தம்பி இருளப்பனுக்கு,

பழனியாண்டி அண்ணன் எழுதுவது. ஆளைப் பிடித்து எழுதிய கடிதம் இல்லை தம்பி, நானேதான் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் இது என் முதல் கடிதம். வியாழக்கிழமை காலையில் தொடங்கியிருக்கிறேன், என்றைக்கு முடியும் என்று தெரியாது. ஒரு வரி எழுதியதும் எழுந்து, தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடித்த மலையை மேலே நின்று பார்ப்போமே, அப்படி. வரி கொஞ்சம் சரிந்துதான் போகிறது. ஆனாலும் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இங்கே எல்லாரும் சுகம். உன் பெண்சாதி அழகம்மா வேலைக்குப் போகிறாள். உன் மகள் பள்ளிக்கூடம் விடாமல் போகிறது. மழை நல்ல மழை, கொழுந்துக்குக் குறைவில்லை. தேயிலை ஸ்டோரில் உன் இடத்தில் வேறு ஆள் போடவில்லை. போடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

சிறையில் உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைத் திறந்து படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயாவுக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லவும். பாதியில் நிறுத்த வேண்டாம். எழுதுவதற்கு எனக்கு அவ்வளவு பாடு.

ஐயாவுக்காக அந்தக் கொப்பியைப் பற்றி எழுதுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் கண்டிக்குப் போகும் பஸ்ஸைப் பொலிசார் வழியில் மறித்து இருளப்பனை இறக்கினார்கள். அவன் பையில் ஒரு கொப்பி இருந்தது. அதில் முப்பத்தொரு பெயர், ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குக் கோடு, பக்கத்தில் வட்டமும், பெருக்கல் குறி போலப் புள்ளடியும். இது இயக்கத்துக்கு ஆள் சேர்க்கும் பட்டியல் என்று எழுதி அவனை உள்ளே வைத்தார்கள். ஐயா, அது படிப்புக் கொப்பி. எங்கள் தோட்டத்தில் வாத்தியார் வைத்துப் பெரியவர்கள் யாரும் படிக்கவில்லை. ஐந்து எழுத்து தெரிந்தவர் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். இருளப்பன் மூக்காயிக்குச் சொல்லிக் கொடுத்தான். மூக்காயி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதற்குத்தான் கோடு. வந்த எழுத்துக்கு வட்டம், வராத எழுத்துக்குப் புள்ளடி. ஏழாவது பெயர் பழனியாண்டி. அது நான்தான். என் பெயருக்கு நேரே இரண்டு புள்ளடி இருக்கும். அந்த இரண்டு எழுத்தும் இப்போது எனக்கு வரும். கொப்பியைத் திருப்பித் தந்தால் வட்டமாக மாற்றிக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை. தம்பி, இனி உனக்கு.

குண்டசாலையிலிருந்து வருவாரே பத்மாதேவி ரீச்சர், நம் படிப்பு வட்டத்துக்குக் கொப்பியும் பேனையும் தருகிறவர், அவர் இரண்டு கிழமைக்கு முன் வந்தார். எல்லாத் தோட்டங்களிலும் இப்படி ஒருவருக்கொருவர் உதவிப் படிக்கும் வட்டங்களில், மற்றவர்களுக்கு மிக நன்றாக உதவிய ஒருவருக்கு இந்த வருடம் முதல் விருது கொடுக்கப் போகிறார்களாம். கண்டியில் மண்டபம் எடுத்து, மேடை போட்டு. பெயரை நாங்களே சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் ஒரே வாயாக இருளப்பன் என்றோம்.

ரீச்சர் குனிந்துகொண்டார். “ஐயா, குறை நினையாதேங்கோ. உள்ளுக்க இருக்கிற ஆளின்ர பேரைப் போட எங்கட குழு பயப்பிடுது. உங்கட பேரைத் தரட்டோ? உங்களுக்கும் தகுதி இருக்குத்தானே” என்றார்.

தம்பி, எனக்கு ஆசை வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் என் பெயர். அதை நானே வாசிக்கலாம். ஒரு நிமிடம் அந்தச் சட்டத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு சொன்னேன்: “ரீச்சர், எம் பேரைப் போட்டா நான் மேடையில ஏறி, இது எம் பேரு இல்லன்னு சொல்லிட்டு இறங்கிருவேன். எனக்கு வெக்கம் கெடையாது.”

அவர் அதன் பிறகுதான் உன் வக்கீல் சொன்னதைச் சொன்னார். கொப்பியில் உள்ள ஆட்களே முன்வந்து, அந்தப் பெயர்கள் நாங்கள்தான், எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் இவர், அதற்காகவே இவருக்கு விருது கேட்கிறோம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தால் வழக்குக்குப் பெரிய பலமாம். உன்னை விடுவிக்க அதைவிட நல்ல சாட்சி இல்லையாம். ஆனால் கையெழுத்து வைக்கிறவர்களையும் விசாரணைக்குக் கூப்பிடலாம். அதையும் ரீச்சர் மறைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் எல்லாரையும் கூட்டினோம். இராமகிருஷ்ணன் எழுந்து, “பொலிசு கையில வெறும் பேருதான் இருக்கு. நாமளே போயி இந்தா ஆளுன்னு காட்டணுமா? புள்ளகுட்டிக்காரங்க நாம” என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. சில பேர் தலையாட்டினார்கள்.

மூக்காயி விடவில்லை. “ஏன்டா ராமகிருஷ்ணா, ஒம் பேர எழுத வைக்க அந்த மனுசன் மூணு மாசம் ஒம் முன்னால குந்தியிருந்தாரு. இங்க போடாம அத வேற எங்க போடப் போற? காதல் கடுதாசியிலயா?” என்றாள். அவன் பெண்சாதிதான் முதலில் சிரித்தது.

நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து எழுதினேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. “தாத்தா, சீக்கிரம், சோத்து நேரம் வந்திருச்சு” என்று கத்தினார்கள். கத்தட்டும். நாற்பது வருடம் சம்பள நாளில் கட்டைவிரலை மையில் தேய்த்து ஓடி வந்தவன் நான், அன்றைக்கு அவசரப்படவில்லை. எனக்குப் பிறகு மூக்காயி, பிறகு அங்கம்மா, பிறகு ஒவ்வொருவராக.

முப்பத்தொரு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். இரண்டு பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளையை அதன் புருசன் விடவில்லை, அது தூரத்தில் நின்று அழுதது. இராமகிருஷ்ணன் கையெழுத்து வைக்காமல் வீட்டுக்குப் போனான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனான். ஆக இருபத்தேழு. கடைசியில் ரீச்சர் பேனையை வாங்கித் தன் பெயரையும் குண்டசாலை விலாசத்தையும் எழுதினார். யாழ்ப்பாணத்து மனுசி, சண்டை நடக்கும் இந்தக் காலத்தில் அப்படி எழுதினார் தம்பி. “நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்” என்றார். அவரோடு இருபத்தெட்டு.

குழு இன்னும் பதில் சொல்லவில்லை. விருது கொடுத்தால் கொடுக்கட்டும். கொடுக்காவிட்டால் வேறு பெயர் எங்களிடம் இல்லை. இருபத்தாறாம் திகதி உன் வழக்குக்கு எல்லாரும் முதல் பஸ்ஸில் வருகிறோம். அன்றைக்குச் சம்பளத்துக்குப் பேர் போடமாட்டேன் என்று தோட்டத்துத் துரை சொன்னார். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். விசாரிக்க வேண்டுமென்றால் எங்களைத் தேடி மலை ஏற வேண்டாம், அங்கேயே வாசலில் நிற்போம் என்று ஐயாவும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை. இன்னும் ஒரு காரியம் இருக்கிறது.

இதோடு விருதுக்கான படிவம் ஒன்று வருகிறது. கீழே, சம்மதிக்கிறேன் என்ற இடத்தில் நீ கையெழுத்து வைக்க வேண்டும். உன் கையெழுத்து இல்லாமல் அது வழக்குக்கும் உதவாது, விருதுக்கும் உதவாதாம். வக்கீல் வரும்போது கொடுத்து அனுப்பு.

அழகம்மா உன்னைப் பார்த்துவிட்டு வந்த அன்று, நீ தண்ணீர்ப் போத்தலை இடது கையால் வாங்கினாய் என்று மட்டும் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

கைநாட்டும் வைக்கலாம் என்று படிவத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த வரியை நான் பேனையால் வெட்டிவிட்டேன். உன் பெயரை எழுது தம்பி. இடது கையால் எழுது. கோணிக்கொண்டுதான் வரும், வரட்டும். ஆறு எழுத்து. ஒரு நாளைக்கு ஒரு எழுத்து என்றாலும் ஆறு நாள். நாள் இருக்கிறது.

முருகன் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பழனியாண்டி
(என் கையாலேயே எழுதியது)