சாலமன் தீவுக்குப் போன வீரசிங்கம்

12 மே 1979, சனி

ஒரு வெட்கக்கேட்டை எழுதிவைத்துவிடுகிறேன். இன்று எங்கள் பிரிக்பீல்ட்ஸ் சங்கக் கூட்டத்தில் பொறாமை தாங்காமல் ஒரு பொய் சொன்னேன். ஐம்பத்தைந்து வயது, பென்ஷன் வாங்கி நாலு மாதம். செய்கிற வேலையைப் பார்!

செயலாளர் சிவசம்பு, தன் மகன் டப்ளினில் டாக்டரான கதையை நாற்பது நிமிடம் சொன்னார். போன மாதமும் அதே மகன்தான் டாக்டரானான். வடை ஆறிப்போயிற்று. கடைசியில் என் பக்கம் திரும்பி, "வீரசிங்கம், நீர் வீட்டிலை சும்மாதானே இருக்கிறீர்?" என்றார். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

எழுந்து நின்றேன். "சாலமன் தீவுகளுக்குத் தொண்டராகப் போறன். ரெண்டு வருஷம். சம்பளம் இல்லை."

கைதட்டினார்கள்! இதற்கு முன் எனக்குக் கைதட்டியது 1941-இல், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து சேர்ந்தபோது.

சாலமன் தீவுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: லண்டனில் உள்ள ஏதோ ஒரு தொண்டர் அமைப்பின் துண்டுப் பிரசுரம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். அதைச் சுருட்டிக் கரப்பான் அடித்தேன். கரப்பான் ஒட்டியிருந்த பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது.

14 மே

நான் சொல்லும் முன்பே என் மனைவி இராசேஸ்வரிக்கு மீன்காரர் சொல்லிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, முட்டை அவிக்கத் தெரியாத மனுசன், ஆருக்குத் தொண்டு செய்யப் போறியள்?"

நல்ல கேள்வி. ஆனால் சங்கத்தார் முகத்தில் இனி விழிக்க வேண்டுமானால் உண்மையாகவே போயாக வேண்டும். விண்ணப்பப் படிவம் கேட்டு லண்டனுக்கு எழுதினேன்.

9 ஜூன்

படிவம் வந்தது. எட்டுப் பக்கம்! மல்லிகைப் பூ வாங்கியவன்போல் முகர்ந்து பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் சீப் கிளார்க் வரைக்கும் வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

தாதி தேவையாம். மெக்கானிக் தேவையாம். விவசாயி தேவையாம். சீப் கிளார்க்கை யாரும் கேட்கவில்லை. வளரும் நாடுகளெல்லாம் ஃபைல் இல்லாமலே வளர்கின்றன போலும். 'வேளாண்மை அனுபவம்' என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினேன். கொல்லையில் கறிவேப்பிலை மரம் நிற்கிறதே.

ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. என் கையிலிருந்து போன காகிதம் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று.

17 ஜூன், பந்திங்

எழுதிய பொய்க்கு ஏற்ற வேளாண்மையைக் கற்றுக்கொள்ள, பந்திங்கில் பழனியப்பன் வீட்டுக்கு வந்தேன். என் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். இப்போது செம்பனைத் தோட்டத்து ஓரமாக அரை ஏக்கரில் வெண்டையும் கங்கோங் கீரையும் போடுகிறார்.

முதல் வெட்டு என் சப்பாத்தில் விழுந்தது.

"மண்வெட்டிய பேனா மாதிரி புடிக்கிறீங்களே ஐயா!" என்றார். அவர் மனைவி இராஜம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே போன பிறகு சிரிப்பது வெளியே நன்றாகக் கேட்கும் என்று இந்தப் பெண்களுக்கு யார் சொல்வது?

1 ஜூலை, பிரிக்பீல்ட்ஸ்

சிவசம்பு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆடி பிறந்தா நல்ல காரியம் செய்யேலாது. பதினைஞ்சாந் தேதியே பிரியாவிடையை வைப்பம்."

"லண்டன்ல இருந்து பதில் இன்னும்..."

"உமக்கு வராத பதிலே!" என்று முதுகில் தட்டினார். மறுக்க வாயெடுத்தேன். கழுத்தில் விழப்போகிற பூமாலை ஞாபகம் வந்தது. மாலை ஜெயித்தது.

15 ஜூலை, ஞாயிறு

பிரியாவிடை. ஏழு பேச்சு. நான் இருளை விரட்டப் போகிறேனாம், அறியாமையை அகற்றப் போகிறேனாம். பேசிய ஏழு பேரில் ஒருவர் தீவை ஆப்பிரிக்காவில் வைத்தார், இன்னொருவர் பினாங்குக்குப் பக்கத்தில். வாழ்த்து மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்தார்கள். தெர்மாஸ் பிளாஸ்க் ஐந்து கிடைத்தது. சாலமன் தீவில் வெந்நீர் இல்லையென்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

இராசேஸ்வரிக்கும் ஒரு மாலை போட்டார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

17 ஜூலை

பேப்பர் வாங்கப் போனேன். கடைக்காரர், "நீங்க இன்னும் போகலையா அங்கிள்?" என்றார். பேப்பரை மறந்து திரும்பி வந்தேன்.

24 ஜூலை

ஒரு வாரமாக என் சொந்த வீட்டில் ஒளிந்திருக்கிறேன். லண்டன் பேசாமல் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். இராசேஸ்வரி கேட்டவர்களுக்கெல்லாம், "சுகமாம், கடிதம் வந்தது" என்கிறாள். பொய்யில் என்னைத் தோற்கடித்துவிடுவாள் போலிருக்கிறது.

இன்று சிவசம்புவின் மனைவி தங்கரத்தினம் திடீரென்று வந்துவிட்டாள். நான் குளியலறையில். இரண்டு மணி நேரம்! என்ன பேச்சு, என்ன பேச்சு!

"வீரசிங்கத்தார் போனது உமக்கும் ஒரு ஓய்வுதானே? எந்நேரமும் தன்ர பகிடிக்குத் தானே சிரிச்சுக்கொண்டு..."

இராசேஸ்வரி மறுத்துப் பேசுவாள் என்று காதைக் கதவில் வைத்தேன். அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள்.

இப்படி எத்தனை நாள்? தெருவில் போனால் மானம் போகிறது, வீட்டில் இருந்தாலும் போகிறது. விடியட்டும், பழனியப்பனிடம் போய்விடுகிறேன்.

25 ஜூலை

கிள்ளான் போய் அங்கிருந்து பந்திங் பஸ். தொப்பியை மூக்கு வரை இறக்கியிருந்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "கண்ணு வலியா அங்கிள்?" என்றான்.

6 ஆகஸ்ட், பந்திங்

வெண்டைக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பழனியப்பன் நான் நட்டதையெல்லாம் நான் தூங்கும்போது பிடுங்கித் திருத்தி நடுகிறார். எனக்குத் தெரியாதாம்.

இன்று இராஜம்மா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டி வந்தாள். வள்ளியம்மா. கையில் மடித்து மடித்துக் கிழிந்த சிவப்பு அடையாள அட்டை. குடிமகள் இல்லை என்கிற சிவப்பு. பிறப்புச் சூரா, அதாவது பிறப்புச் சான்றிதழ், கிடையாது. வேலை பெர்மிட்டுக்கு அலைந்தே கால் தேய்ந்துவிட்டதாம்.

"எங்க பிறந்தீங்க?"

"இந்தா, இந்த லயத்துலதாங்கய்யா. மூணாவது வீடு."

"எந்த வருஷம்?"

"பெரிய வெள்ளம் வந்தப்ப கைப்பிள்ளைன்னு ஆத்தா சொல்லும்."

பெரிய வெள்ளம் வந்தது 1926-இல். என்னைவிட இரண்டு வயது இளையவள். நான் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வீட்டில் பிறந்து, ஐந்தாவது வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஐம்பத்து மூன்று வயதில் இவள் வெளிநாட்டுக்காரி. சரி. கப்பல் ஏறாமலே நான் வெளிநாட்டுத் தொண்டன் ஆகிவிட்டேன்.

குடியுரிமைப் படிவத்தை நிரப்பினேன். சாட்சிக்கு இரண்டு பேரைப் பிடித்தேன். சத்தியப் பத்திரம் எழுதினேன். முடித்துவிட்டு, அவள் கட்டைவிரல் வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பழக்க தோஷம். என் அலுவலகத்தில் ஐந்து துரைமார் மாறினார்கள். ஒருவரும் என் கடிதத்தைப் படித்ததில்லை. நான் குறி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் வேலை அது, என் வேலை இது.

வள்ளியம்மா இரண்டு முட்டை கொடுத்தாள். அவித்துப் பார்த்தேன். ஒன்று வெடித்தது.

1 செப்டம்பர்

இன்று படிவம் எழுதிக்கொள்ள வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களுக்குத் தேநீர் கொடுக்கப் பிளாஸ்க் ஐந்தும் பயன்படுகின்றன.

22 செப்டம்பர், சனி

வாசலில் ஒரு டட்சன் கார் நின்றது. இறங்கியது சிவசம்பு.

வாழைக்குப் பின்னால் போகலாமா என்று பார்த்தேன். வாழை ஒல்லி. நான் அப்படியில்லை.

அவருக்குப் பின்னால் அவர் வீட்டில் வேலை செய்யும் நல்லம்மாள், கையில் சிவப்பு அட்டை. 'பந்திங் ஐயா' என்று ஒருவர் இருக்கிறார், காகிதம் எழுதினால் ஆபீசில் திருப்பி அனுப்பவே மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிவசம்பு என் கைலியைப் பார்த்தார், வெயிலில் கறுத்த மூக்கைப் பார்த்தார்.

"சாலமனிலை நல்ல வெயில் போலை."

பேனாவை மூடினேன். "எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் ஆடியிலேயே தெரியும். உம்மட மனுசி ரெண்டு பேருக்கு மீன் வாங்கினவ. தீவுக்குப் போன மனுசனுக்கு என்னத்துக்கு நெத்தலி?"

"அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

"ஏழு பேர் பேசினனாங்கள். கண்ணாடிச் சட்டம் வேறை. திருப்பி வாங்கேலுமே?"

வரிசையில் நல்லம்மாளுக்கு முன்னால் நாலு பேர். சிவசம்பு மணைக்கட்டை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மகன் டாக்டரான கதையைத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நிம்மதியாக அந்தக் கதையைக் கேட்டதில்லை.

5 அக்டோபர், பிரிக்பீல்ட்ஸ்

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பட்டப்பகலில், தொப்பி இல்லாமல். வள்ளியம்மாவை நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மேசையில் லண்டன் உறை. தடித்த உறை.

"மூண்டு நாளாக் கிடக்குது. நான் திறக்கேல்லை," என்றாள் இராசேஸ்வரி. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். "போறியளே?"

"நாளைக்குப் பந்திங்கில பதினாலு பேர் வருவினம்," என்றேன். அது பதில்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

உறையைப் பிரித்தேன். உள்ளே என் படிவமே, எட்டுப் பக்கமும். கூடவே இரண்டு வரி: விண்ணப்பம் முழுமையாக இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை, சரிசெய்து அனுப்பினால் மகிழ்வோம்.

முழுமையாக இல்லையா? என் படிவமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெயர், பிறப்பு, படிப்பு, அந்த வேளாண்மைப் பொய், எல்லாம் முத்து முத்தாக இருந்தது.

எட்டாம் பக்கம், அடியில், விண்ணப்பதாரரின் கையெழுத்து என்ற இடம் காலி. கோட்டின் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.