ஊக்கு இல்லாத கயிறு

அக்கா,

நேற்று தி. நகர் பிளாட்பாரத்தில் ஒருத்தி ஊக்கு அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்தேன். பஸ்சில் உட்கார்ந்த பிறகு உன் நினைவு வந்தது.

அடையாறில் கோதுமை ஆராய்ச்சி செய்கிற இடத்துக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம். விதை பொறுக்குகிற வேலை. இரும்புச் சத்து அதிகமான கோதுமையையும் குறைவானதையும் சேர்த்து உண்டாக்கிய பிள்ளை விதைகள் தனித்தனிப் பொட்டலமாக வரும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு இரும்பு என்று அளப்பார்கள். அதன் செடியின் இலையையும் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டு, அந்தச் சத்து மரபணுவில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவார்கள்.

"பஸ் ரூட் மேப் மாதிரி. இரும்பு எந்த ஸ்டாப்புல ஏறுதுன்னு பாக்கறோம். ஒரு பொட்டலம் பொய் சொன்னாலும் மேப் கெட்டுடும்," என்றார் ஆராய்ச்சி செய்கிற மேடம்.

"கண்டக்டரக் கேட்டா சொல்லிட்டுப் போறான்," என்றாய் நீ. மேடமே சிரித்துவிட்டார்.

அதனால் விதைக்குப் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது. தாலிக்கயிற்றில் தொங்குகிற ஊக்குகளைக் கழற்றி வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். ஒரு நாள் உன் கயிற்றில் ஒன்று தங்கிவிட்டது. அன்று வந்த கோதுமையின் நடுக்கோட்டில் மண் அப்பியிருந்தது. மீன் செவுளைச் சுத்தம் செய்து பழகிய கை உன்னுடையது. அழுக்கைப் பார்த்தால் சும்மா இருக்காது. ஊக்கு முனையால் மணி மணியாக நோண்டி எடுத்தாய். கடல் காற்றில் துருப்பிடித்த ஊக்கு.

சில வாரம் கழித்து மேடம் சந்தோஷமாக ஓடி வந்தார். மண்ணோடு வந்ததே, அந்தப் பொட்டலத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இரும்பு அதிகமாம். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உன் மகளின் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

"அத சேத்துக்காதீங்க மேடம். நான் ஊக்கால நோண்டிக்கினு இருந்தேன். அது துரு."

மேடம் முகம் விழுந்துவிட்டது. "நாளைக்குப் பேசிக்கலாம், போங்க."

பஸ்சில் நான் அழுதேன். "இன்னாடி, வேல போவப் போறது எனக்கு, நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றாய்.

மறுநாள் உன் இடத்தில் அதே கோதுமையின் புதுப் பொட்டலம் ஒன்றும் மண் நோண்ட மூங்கில் குச்சி ஒன்றும் இருந்தன. மேடம் வைத்தவை. நீ உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாய். திரும்ப அளந்தபோது இரும்பு மற்றவை அளவுக்குத்தான் இருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் உடம்பிலேயே இரும்புச் சத்து இல்லை என்றார்கள். "அந்தப் பொட்டலத்த நானே துன்னிருக்கலாம்டி," என்றாய். நான் கேட்ட உன் கடைசி வேடிக்கை அது.

உன்னைக் குளிப்பாட்டிப் புடவை சுற்றியபோது முந்தானை நிற்கவில்லை. யாரோ ஊக்கு கேட்டார்கள். என் கை கயிற்றுக்குப் போனது. கயிறு மட்டும்தான் இருந்தது. தினமும் கழற்றிப் போடச் சலித்து, மாட்டுவதையே எப்போதோ விட்டிருந்தேன். முந்தானை நுனியை முடிச்சுப் போட்டு உன் இடுப்பில் செருகினேன்.

நாளைக்குப் புதுப் பொட்டலங்கள் வருகின்றன. உன் மூங்கில் குச்சி என்னிடம்தான் இருக்கிறது.