பாதி வயிற்றோடு வந்திறங்கிய நாள்

ஓய்,

இன்று காலை மீன் வாங்கப் படகுத்துறைக்குப் போயிருந்தேன். ஒருவர் லாஞ்ச் எஞ்சினைப் பிரித்துக் கோணிமேல் பரப்பி வைத்திருந்தார். டீசலும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நீர் நாடி பார்த்த இடம். மீன்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

உம்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. வரப்போவது எதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிற மனுஷன், சாகப்போவதை மட்டும் சொல்லாமல் போய்விட்டீர். கப்பலில் வந்த யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அப்போது நான் அந்தமானில், ரங்கத்தில் ரோடு போடும் டிபார்ட்மெண்டில் ஸ்டோர் கீப்பர். வயிற்றுப்புண் ரொம்ப நாளாகத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே கறுப்பாக வாந்தி எடுத்து விழுந்தேன். மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும், வயிற்றில் ஒரு பாகத்தை எடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது இந்தியில். என் இந்தி ஜல்லிக்கும் தாருக்கும் போதும், வயிற்றுக்குப் போதாது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

“வயித்த எடுத்துட்டா திங்க சோறு எங்க போவும்?” என்று கோமதி கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. “போற இடத்துக்குப் போவும்” என்று எரிந்து விழுந்தேன். பயத்தில் மனைவியிடம் எரிந்து விழுவது எங்கள் குடும்பத்து வழக்கம்.

அன்று சாயங்காலம்தான் நீர் வந்தீர். துறையில் பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம்தான் நமக்குள். தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், எஞ்சின் மிஸ்திரி, வாய் கொஞ்சம் நீளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாற்காலியைக் காட்டினேன். நீர் உட்காராமல் சட்டையைத் தூக்கினீர். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை ஒரு தழும்பு இறங்கியது. கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“திரும்பாத தங்கச்சி, நல்லாப் பாரு. உன் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருக்கும். பெறவு பாத்துட்டு அலறக் கூடாதுல்லா, அதான் இப்பவே காட்டுதேன்.”

பிறகு என்னிடம் திரும்பினீர். “உம்மகிட்ட யாராவது வெவரமாச் சொன்னாவளா?”

“இல்ல.”

“எனக்கும் ஒருத்தனும் சொல்லல. ஆபரேஷன் முடிஞ்சு எங்க அக்கா வீட்டுக்குப் போனேன். ஆசையா அல்வா கிண்டிக் குடுத்தா. தின்னுட்டு வேர்த்து விறுவிறுத்து விழுந்தேன். பேய் பிடிச்சிருக்குன்னு கோயில்ல கொண்டுபோய்க் கெட்டிப் போட்டுட்டாவ. தெளிஞ்சா பேய் எறங்கிட்டும்பாவ, மறுபடி தின்னு விழுந்தா ஏறிட்டும்பாவ. எனக்கே கொஞ்ச நாள் சந்தேகமாப் போச்சு வே.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை. நீர் சொல்லிக்கொண்டே போனீர். கண் விழிக்கும்போது மூக்கில் குழாய் இருக்கும், பிடுங்கிவிடக் கூடாது. தண்ணீருக்கு உயிர் போகும், தர மாட்டார்கள், திட்டக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு இருமவேண்டும்.

“வீட்டுக்கு வந்த பெறவுதான் வே விஷயமே இருக்கு. பச்சப்புள்ள கணக்கா கொஞ்சங் கொஞ்சமாத் திங்கணும். சோத்தோட தண்ணி குடிக்கக் கூடாது. தின்ன உடனே எந்திரிச்சு ஓடக் கூடாது, படுத்துக்கிடணும். இனிப்பு இருக்க பக்கம் தலைவச்சுப் படுக்காதயும். ஆளு மெலிஞ்சு போவீரு. கால்சட்ட இடுப்புல நிக்காது. பாக்கவன்லாம் சாவு வீட்டுல துட்டி கேக்க வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிடுவான். அதுக்காவ அள்ளித் தின்னுராதயும்.”

முடி கொட்டும் என்றும் சொன்னீர். அது மட்டும் நடக்கவில்லை. உம் தலை வழுக்கைக்கு ஆபரேஷனைக் காரணம் காட்டியது உம் சாமர்த்தியம்.

“பிழைச்சிருவேனா?” என்று கடைசியில் கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சதத்தான் சொல்லுதேன்.”

நீர் போனபிறகு கோமதி, “ஆறுதல் சொல்ல வந்தாரா, பயங்காட்ட வந்தாரா?” என்று அழுதாள். எனக்கும் உம்மை அடிக்கவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மெட்ராஸில் கண் விழித்தபோது, மூக்கில் குழாய் இருந்தது, நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது, எனக்கு அது ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்த இடம் மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் குழாயைப் பிடுங்கி எறிந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு இருமினேன். பயம் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்படவேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்திருந்தது.

திரும்பி வந்த நாளைச் சொல்லவேண்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாம் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தோம். ஆபரேஷனுக்கென்று மெயின்லேண்டுக்குப் போனவர் உயிரோடு திரும்பினால், வீட்டுக்கு வீடு இனிப்பு செய்துகொண்டு அவர் வாசலில் வந்து நிற்பார்கள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, பழகிப்போனது. சொந்த பந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, வேறு யார் வந்து நிற்பார்கள்?

முன்னால் நின்றது எதிர்வீட்டு வங்காளி அம்மா. கிழக்குப் பாகிஸ்தானில் வீடும் வயலும் விட்டுவிட்டு மகனோடு வந்தவர். மகன் எங்கள் ரோட்டு வேலையில் மேஸ்திரி. அவரை எல்லோரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம், சித்தி என்று அர்த்தம். நான் போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நம் பக்கத்து ஆபீசர் ஒருவர் அவர் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தார். தமிழன் நம் கையால் வாங்கிச் சாப்பிட மாட்டான் என்று லைனில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாஷிமா வெண்கலக் கிண்ணம் நிறைய பாயேஷ், அதாவது அவர்கள் ஊர்ப் பாயசம், வெல்லம் போட்டுக் குறுக்கிக் காய்ச்சியது, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். வாயில்லா வயிற்றுக்கு நியாயம் சொல்வதா, அந்த முகத்துக்கு நியாயம் சொல்வதா? குடித்தேன். முழுக்கக் குடித்தேன். இன்றைக்கு அப்படி நின்றாலும் குடிப்பேன். நீர் துறையில் என் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தீர். கூட இருந்திருந்தால் தடுத்திருப்பீர்.

அடுத்த வீட்டு இனிப்புக்குக் கை நீட்டும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேர்வை கொட்டியது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெளுத்துக்கொண்டே போனது. வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தேன். காது மட்டும் கேட்டது.

“தையல் பிரிஞ்சிட்டு!” என்று ஒரு குரல். “மாஷிமா, க்யா கிலாயா?” என்று இன்னொரு குரல். என்ன கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். கேள்வி மாதிரி இல்லை, குற்றச்சாட்டு மாதிரி இருந்தது. மேஸ்திரி தன் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். தெலுங்கு வீட்டு அம்மா ஒரு செம்பு நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். டிபார்ட்மெண்ட் ஜீப்பைக் கொண்டுவந்து கிளப்பியபடி நிறுத்திவிட்டார்கள், லாஞ்சில் ஏற்றிப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக. அன்று கடல் கலங்கிக் கிடந்தது. நாங்கள் வந்த லாஞ்சே திரும்பிப் போகத் தயங்கி நின்றிருந்தது.

செம்பு என் உதட்டில் பட்டது. அப்போது உம் குரல்.

“ஊத்தாத! ஏ, ஊத்தாதங்கேன்ல!”

செம்பைத் தட்டிவிட்டீர். என் சட்டையைப் பிரித்து வயிற்றை அமுக்கிப் பார்த்தீர். டீசல் கை. “வலிக்கா வே? கத்தி வச்ச மாதிரி வலிக்கா, இல்ல படபடங்குதா?”

“படபட…” என்றேன்.

“அப்ப இது அதுதான். அல்வாப் பேய். தலையணைய எடு, மட்டமாப் படுக்கப் போடு. ஜீப்ப நிறுத்து.”

கோமதி உம் எதிரே வந்து நின்றாள். அவள் அப்படி ஒரு ஆண்பிள்ளைக்கு முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. “நீங்க என்ன டாக்டரா அண்ணே? அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?”

“டாக்டர் இல்ல தங்கச்சி. விழுந்தவன். கொந்தளிக்க கடல்ல இந்த வயித்தத் தூக்கிட்டுப் போனா குலுங்குற குலுக்கல்ல நெசமாவே தையல் போயிரும். கொஞ்ச நேரம் பாப்போம். வயிறு கல்லாட்டம் இறுகுனா நானே தூக்கிட்டு ஓடுதேன். முடிவு நீதான் சொல்லணும்.”

ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு டிரைவரைப் பார்த்து, “பந்த் கரோ” என்றாள், வண்டியை அணை என்று. அவள் பேசி நான் கேட்ட முதல் இந்தி அது.

நீர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்தீர். “போயிரும் வே. இது போயிரும். நான் இங்கனதான் இருக்கேன்.” என் நாடி உம் விரலுக்கடியில் துடிப்பது எனக்கே தெரிந்தது. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கோமதியின் கை என் வயிற்றை விட்டு எழவேயில்லை. எவ்வளவு நேரமோ, வேர்வை குளிர்ந்தது. படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கண்ணைத் திறந்து “தண்ணி” என்றேன். “இப்பக் கெடையாது” என்றீர்.

கூட்டம் மூச்சு விட்டது. ஆனால் மாஷிமா நின்ற இடத்திலேயே நின்றார். அந்த ஆளுக்கு என்ன கலந்து கொடுத்தாளோ என்கிற பார்வை இன்னும் இரண்டு மூன்று முகங்களில் இருந்தது. காலிக் கிண்ணம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. நீர் எழுந்து அவரிடம் போனீர். அவர் வீட்டுப் பாத்திரத்தில் மிச்சமிருந்த பாயேஷை அந்தக் கிண்ணத்திலேயே ஊற்றச் சொல்லி வாங்கினீர்.

“மாஷிமா, ஆப்கா கீர் ஏக்தம் படியா. இஸ்கா பேட் கராப்.” உங்கள் பாயசம் அருமை, இவன் வயிறுதான் கெட்டது.

எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் குடித்தீர். கட்டிலில் கிடந்த நான் “வேண்டாம் வேய்” என்று கத்தப் பார்த்தேன். குரல் எழும்பவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, “அவுர் தோடா?”, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா, என்று வேறு கேட்டீர். நல்லவேளை, மாஷிமா அழ ஆரம்பித்துவிட்டதால் ஊற்றவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு வாய் வாங்கினார்கள். பார்வை மாறியது. மேஸ்திரி சிரித்தான்.

“எஞ்சினத் தெறந்து போட்டுட்டு வந்திட்டேன்” என்று சொல்லி, எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாக நடந்தீர். துறை அந்தப் பக்கம் இல்லை. அது யாருக்கும் தோன்றவில்லை. வேலியைப் பிடித்த உம் கையை நான் பார்த்தேன். கோமதியின் முந்தானையை இழுத்து, “பின்னால போ” என்றேன்.

பாக்கு மரத்தடியில் நீர் மல்லாந்து கிடந்தீராம். சட்டை நனைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. “யாரையும் கூப்பிடாத தங்கச்சி” என்றீராம். “கூப்பிடல அண்ணே, பேசாமப் படுங்க” என்று அவள் உம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பிறகு ஒருநாள் உம்மைக் கேட்டேன், ஏன் ஓய் அப்படிச் செய்தீர் என்று.

“பின்ன? அந்தம்மா இனிமே யாருக்காவது ஒரு வாய் குடுப்பாளா?” என்றீர். அப்புறம், “எனக்கும் அன்னிக்குப் பயந்தான் வே. நெசமாவே தையல் விட்டிருந்தா?” என்றீர். அதை நீர் அன்றைக்கே சொல்லாமல் இருந்ததற்கு இன்றும் உமக்கு நன்றி சொல்கிறேன்.

நான் மெலிந்தேன். துட்டி முகங்கள் வந்தன. நீர் சொன்னபடியே எல்லாம் நடந்தது, நானும் நீர் சொன்னபடியே தின்று, படுத்து, பிழைத்துக் கிடக்கிறேன். இப்போது உடம்பைக் குறைப்பதற்கென்றே வயிற்றைச் சுருக்கிக்கொள்ள மெயின்லேண்டுக்குப் போகிறார்கள். கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர். போகிறவர்கள் வீட்டுக்கு நானும் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். பிழைப்பேனா என்று கேட்டால் தெரியாது என்கிறேன். சிலருக்கு என்மேல் கோபம் வருகிறது. வரட்டும்.

மாஷிமா இருந்தவரை பூஜைக்குப் பூஜை உமக்கென்று தனியாக ஒரு கிண்ணம் அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? நீரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி, எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுவீர். போன மாதம் மேஸ்திரி வந்திருந்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது. அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், “இந்தத் தீவிலேயே எங்கம்மா பாயேஷ உண்மையா ரசிச்சுக் குடிச்சது அந்த எஞ்சின் மிஸ்திரி ஒருத்தர்தான்னு அம்மா சாகுறவரைக்கும் சொல்லிட்டிருந்தா” என்று தன் இந்தியில் சொன்னான்.

கோமதி என்னைப் பார்த்தாள். நான் மேஸ்திரியைப் பார்த்து, “ஆமாம், அவருக்கு அதுன்னா உயிர்” என்றேன்.